அகப்படாத வலிப்பும் கண்ணிமைக்காத கூண்டும்

கோலாலம்பூரில் அந்நாளில் இருந்த மனநோயர் காப்பகத்தின் உணவுக் கொட்டகையில், 1905ஆம் ஆண்டின் இறுதியில், அங்கு வாழ்ந்தோர் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றோர் ஒரு பிரிவு. இரட்டைப்படை எண் பெற்றோர் மறு பிரிவு. ஒரு பிரிவினர்க்குச் சயாமிலிருந்து வந்த, தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசிச் சோறு. மற்றப் பிரிவினர்க்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. இதனை ஏற்பாடு செய்தவர் வில்லியம் பிளெட்சர் எனும் மருத்துவர். பெரிபெரி நோய்க்கு அரிசியே காரணம் என்று அப்போது எழுந்திருந்த பேச்சை அவர் நம்பவில்லை. அது பொய்யென்று மெய்ப்பிக்கவே முனைந்தார். நோய் இருப்பிடத்தால் வருகிறதோ என்னும் ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றிப் பார்த்தார். பிரிவுக்கு ஏறத்தாழ 120 பேர். ஓராண்டு கழிந்தபோது பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோயால் இறந்தார் ஒருவருமிலர். 1907இல் தம் கருத்து தவறென்று தாமே உலகறிய எழுதினார் பிளெட்சர்.

இச்செய்தியில் தமிழர்க்கு ஒரு பங்கு உண்டு. பெரிபெரிக்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டென்று நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் முன்னரே வாதிட்டு வந்தார். அவர் கண்ட முதன்மையான சான்று என்ன? ஈயச் சுரங்கங்களில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சடைத்து மாண்டனர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர் அந்நோய்க்குப் பெரிதும் தப்பினர். அவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணிக்குள் ஊறிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினும் அது முழுவதும் நீங்குவதில்லை. அச்சத்தினை இன்று தையமின், அதாவது உயிர்ச்சத்து பி1 என்கிறோம். நம் பாட்டிமார் அதன் பெயரை அறியார். நெல்லவிக்கும் பதத்தை அறிவர்.

வலிப்பு நோயையும் சுண்டெலியையும் பற்றிப் பேச வந்த நாம் ஏன் இங்கே தொடங்குகிறோம் என்று மாணவர் கேட்கக்கூடும். நோயை அறிவதற்கு ஓர் உயிரை அடைத்து வைத்து நோக்கும் வரலாறு இந்நகரில் எங்கிருந்து புறப்பட்டது என்பதை முதலில் காணவேண்டும் என்பதே நம் விடை. புறப்பட்ட இடத்தில் இருந்தவை விலங்குகள் அல்ல, மனிதர்கள். அவர்களிடம் எவரும் இசைவு கேட்டதாகக் கொள்ள இடமில்லை. ஆய்வின் பயன் பெரிது. ஆசிய நாடுகள் எங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் அந்தப் 18 பேரையும் நாம் எண்ணிக்கையாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிட முடியாது.

1900ஆம் ஆண்டில் தோன்றிய கோலாலம்பூர் நோயியல் கழகமே பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய பிரேசர், இசுடாண்டன் இருவரும் பிளெட்சரின் முடிவைச் சாலை அமைக்க வந்த சாவகத் தொழிலாளரிடையே மீண்டும் சோதித்தனர். அதன்பின் கோழிகளை நாடினர். பக்கத்து நாட்டின் பத்தாவியா நகரில் எய்க்மன் என்பவர் பச்சரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதை 1890களிலேயே கண்டிருந்தார். கோலாலம்பூர்க் கோழிகளும் அவ்வாறே விழுந்தன. தவிட்டுச் சாறு கொடுத்தால் விழவில்லை. இங்ஙனம் 1910ஆம் ஆண்டையொட்டி இந்நகரில் நோயின் சுமை மனிதன் தோளிலிருந்து கோழியின் கால்களுக்கு மாற்றப்பட்டது. 1948இல் குளோராம்பெனிகால் எனும் மருந்து உண்ணிக் காய்ச்சலுக்கு முதன்முதலாக இதே கழகத்தின் துணையுடன் சோதிக்கப்பட்டபோது, நோயாளியின் குருதியில் கிருமி உண்டா என்பதைக் காட்டியவை அக்குருதி செலுத்தப்பட்ட சுண்டெலிகளே.

கோழி விழுந்தால் விழுந்ததுதான். எலிக்குக் காய்ச்சல் கண்டால் அது நாட்கணக்கில் நிற்கும். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வந்து பார்க்கும் உதவியாளரே போதும். வலிப்பு நோய் அத்தகையதன்று. அது ஓரிரு நிமிடத்தில் வந்து போய்விடும். போனபின் தடயம் வைக்காது. வலிப்பு நோயின் வரலாறு முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றியே சுழல்கிறது: அப்போது யார் பார்த்தார்கள்?

இன்றும் மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் முதல் வினா அதுவே. வலிப்பு வந்தவர்க்கு நினைவிராது. கண்டவர் சொல்லே சான்று. கண்டவர் சொல்லோ அச்சத்தாலும் மரபாலும் நிறம் பெறுவது. தமிழில் இந்நோய்க்கு முயலகன் என்றொரு பெயர் உண்டு. கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். கூத்தப்பெருமான் திருவடியின்கீழ் கிடப்பவனும் முயலகனே. வீழ்ந்து நெளியும் உடலைக் கண்டவர் கண்ணில் இரண்டும் ஒன்றாகத் தோன்றியிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் காக்காய் வலிப்பு என்போம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்போம். சாவியால் வலிப்பு நிற்பதில்லை. வலிப்பு தானே நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். மலாய் மொழியில் முன்பு வழங்கிய ‘கீலா பாபி’ என்னும் பெயருக்குப் பன்றிப் பித்து என்பது பொருள். நோயின் பெயரே நோயாளியை இழிவுபடுத்துவதை மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர்கள் ஆசிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு எழுதியுள்ளனர். கொரியாவில் பழம்பெயரை நீக்கிப் புதுப்பெயர் சூட்டியே விட்டார்கள். மொழிப் பணியாற்றும் மன்றங்கள் இதனைக் கருதிப் பார்த்தல் தகும்.

எல்லா வலிப்பும் விழுந்து நெளிவதும் அன்று. வகுப்பறையில் ஒரு குழந்தை பத்து விநாடி வெறித்துப் பார்க்கிறது, இமை துடிக்கிறது, பிறகு ஒன்றும் நடவாததுபோல் எழுதத் தொடங்குகிறது. ஒரு நாளில் பல முறை இது நிகழலாம். கவனமில்லாத பிள்ளை என்று ஆசிரியர் எண்ணிவிடுவது எளிது. குழந்தை அதனை அறியாது, பெற்றோர் கண்டிரார், கண்டவர் ஆசிரியர் ஒருவரே, அவரும் கண்டது இன்னதென்று அறியார். நாம் இங்கே கூடியிருப்போர் பெரும்பாலும் ஆசிரியர் ஆதலின் இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

இனி எலிக்கு வருவோம். 1937இல் பாசுடன் நகரத்தில் புட்னம், மெரிட் என்னும் இருவர் பூனைகளுக்கு மின்னதிர்ச்சியால் வலிப்பு உண்டாக்கி, எந்த மருந்து அதனைத் தடுக்கிறது என்று வரிசையாகச் சோதித்தனர். அவ்வழியில் கிடைத்த பெனிட்டாயின் என்னும் மருந்து இன்றளவும் நம் மருத்துவமனைகளில் உள்ளது. 1940களில் பூனையின் இடத்தை எலியும் சுண்டெலியும் பெற்றன. மின்னதிர்ச்சி ஒரு வழி; பென்டிலீன்டெட்ரசோல் என்னும் வேதிப்பொருளை ஊசியால் ஏற்றுவது மற்றொரு வழி. மருந்து கொடு, வலிப்பைத் தூண்டு, சில நிமிடம் பார், குறித்துக்கொள். பார்ப்பவர்க்கு இது மிக வசதியான முறை. வலிப்பு எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரே.

வசதி இருந்த இடத்திலேயே குறையும் இருந்தது. நலமாக உள்ள எலியை ஒரு முறை வலிப்புறச் செய்வது வேறு. வலிப்பு நோய் உள்ள எலி வேறு. நோய் என்பது தூண்டுதலின்றித் தானே மீண்டும் மீண்டும் வருவது. 1960களின் இறுதியில் கனடாவில் கோடார்டு என்பவர், மூளையில் மிகச் சிறிய மின்தூண்டலை நாள்தோறும் கொடுத்துவந்தால், முதலில் ஒன்றும் செய்யாத அதே தூண்டல் சில வாரங்களில் முழு வலிப்பாக மூள்வதைக் காட்டினார். சுள்ளி மூட்டி நெருப்பு வளர்ப்பது போன்றது என்று அதற்குப் பெயரிட்டனர். 1972இல் இரசீன் என்பவர் அவ்வலிப்பை ஐந்து படிகளாக வகுத்தார்: முகமும் வாயும் அசைதல், தலை ஆடுதல், முன்னங்கால் துடித்தல், பின்னங்காலில் எழுந்து நிற்றல், நிலைகுலைந்து விழுதல். கண்ணால் பார்த்து எண் இடும் இந்த அளவுகோல் அரை நூற்றாண்டு கடந்தும் ஆய்வகங்களில் வழங்குகிறது.

அடுத்து வந்தவை கைனிக் அமிலமும் பைலோகார்ப்பினும். முன்னது ஜப்பானியர் குடற்புழு நீக்கப் பயன்படுத்திய கடற்பாசியில் கிடைப்பது. பின்னது தென்னமெரிக்கச் செடியொன்றில் கிடைப்பது, கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக நம் மருந்தகங்களிலும் இருந்தது. இவற்றுள் ஒன்றை மிகுதியாகக் கொடுத்தால் எலிக்கு நீண்ட வலிப்பு ஒன்று வரும். அது தணிந்தபின் சில நாளோ சில வாரமோ அமைதி. பிறகு, எவரும் தொடாமலே, வலிப்பு தானே வரத் தொடங்கும். மனிதரின் பொட்டுமடல் வலிப்பு நோய்க்கு மிக அணுக்கமான மாதிரி இது. ஆனால் இப்போது நேரம் ஆய்வாளர் கையில் இல்லை. நள்ளிரவிலும் வரலாம், ஞாயிற்றுக்கிழமையும் வரலாம். மூன்று நாளில் பத்தும் வரலாம், அடுத்த பத்து நாளில் ஒன்றும் வாராமலும் இருக்கலாம். புதிய மருந்து கொடுத்தபின் வலிப்பு குறைந்தால், அது மருந்தின் பயனா, இயல்பான இடைவெளியா? இரவும் பகலும் வாரக்கணக்கில் இடைவிடாது பார்த்தவரே விடை சொல்ல முடியும்.

மனிதர் இதற்கு ஏற்றவர் அல்லர். ஒளிநாடாவில் பதிவு செய்து வேகமாக ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள் பல ஆய்வகங்களின் பழைய காட்சி. கண் சோரும், கை தாமதிக்கும். நோயுற்ற மனிதரின் கணக்கும் அத்தகையதே. செருமனியின் பான் நகரில் 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, மருத்துவமனையில் காணொளிக் கண்காணிப்பில் இருந்த நோயாளிகளிடம் தத்தம் வலிப்புகளைக் குறித்துவரச் சொன்னது. கருவி பதிந்த வலிப்புகளுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவர்கள் குறிக்கவில்லை. உறக்கத்தில் வந்தவற்றுள் மிகப் பலவற்றைக் குறிக்கவில்லை. மறைத்தவர் அல்லர் அவர்கள். தமக்கு வந்ததைத் தாமே அறியாதவர்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நமக்கு இதுவே மிகவும் சுவையானது. பார்ப்பவரின் வருகையே பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறது. 1950களில் ஜப்பானில் கண்டறியப்பட்டு இஎல் எனப் பெயர் பெற்ற சுண்டெலிக் கால்வழி ஒன்று உண்டு. கையால் தூக்கினாலோ, கூண்டை மாற்றினாலோ, குலுக்கினாலோ அதற்கு வலிப்பு வரும். வைக்கோலைப் புதுப்பிக்க வந்த கையே நோயைத் தூண்டும்! இயல்பான சுண்டெலிகளிடத்தும் இது வேறு வடிவில் உண்டு. 1999இல் அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லாந்து, கனடாவின் எட்மண்டன் ஆகிய மூன்று நகர ஆய்வகங்கள் ஒரே கால்வழி எலிகளை, ஒரே வயதில், ஒரே கருவியால் சோதித்து ஒப்பிட்டன. அத்தனை ஒழுங்குக்குப் பின்னும் சில சோதனைகளில் முடிவுகள் இடத்துக்கிடம் வேறுபட்டன. 2014இல் மாண்ட்ரியலில் வெளிவந்த ஆய்வு, அறையில் ஆண் ஒருவர் இருந்தாலே, ஏன், அவர் அணிந்த சட்டை இருந்தாலே, எலிகள் அஞ்சி வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்றது. எலியின் மூக்குக்கு ஆய்வாளர் ஒரு கொன்றுண்ணி.

ஆகவே எலியை எடுத்துப் புதிய பெட்டியில் விட்டுப் பார்ப்பதற்கு மாறாக, அது உண்டு உறங்கிக் குட்டி போட்டு வாழும் கூண்டிலேயே, எவரும் அருகில் செல்லாமல், கருவியைக் கொண்டு பார்ப்பது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அக்கூண்டினை ‘வாழ்கூண்டு’ என்று இவ்வுரையில் வழங்குவோம். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. எண்ணம் புதிதன்று. 1920களிலேயே அமெரிக்காவின் இரிக்டர் என்பவர், கூண்டின் அசைவு தானே தாளில் கோடாகப் பதியுமாறு அமைத்து, எலியின் இரவு பகல் தாளத்தை ஆராய்ந்தார். இலண்டனில் 1929இல் வெளிவந்த ஒரு கட்டுரை வலிப்பு நோயாளிகளை, பகலில் வலிப்பு வருவோர், இரவில் வருவோர், எந்நேரமும் வருவோர் எனப் பிரித்தது. இவ்விரு நூல்களும் ஒன்றாக முறுக்கப்பட அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இன்றைய வாழ்கூண்டில் சுவர்களில் அகச்சிவப்பு ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். எலி கடக்கையில் கற்றை அறுபடும். தரைக்கடியில் உள்ள தகடுகள் அதன் காலடியை உணரும். பல எலிகள் சேர்ந்து வாழுமாயின் ஒவ்வொன்றின் தோலுக்கடியிலும் அரிசி மணியளவு சில்லு ஒன்று இருக்கும். இன்ன எலி இன்ன நேரம் நீர் அருந்தியது என்பதைக் கருவி எழுதிவைக்கும். அகச்சிவப்பு ஒளி எலியின் கண்ணுக்குத் தெரியாது; ஆதலால் அதன் இருளைக் கெடுக்காமல் ஒளிப்படக்கருவி இரவு முழுவதும் பார்க்கும். வலிப்பின்போது உடல் குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட ஒழுங்கில் துடிக்கிறது; அதனை மென்பொருள் தேடி எடுக்கிறது. பிழைகளும் உண்டு. உடலைச் சொறிவதும் நனைந்த மயிரை உதறுவதும் கருவிக்கு வலிப்பாகத் தோன்றலாம். எலி அசையாது உறைந்து நிற்கும் சிறு வலிப்போ அதற்கு உறக்கமாகத் தோன்றும். இதனால் மூளை மின்னலைப் பதிவையும் உடன்வைத்து ஒப்பிட்ட பின்னரே ஆய்வாளர் கருவியின் சொல்லை ஏற்கின்றனர். வகுப்பறையில் வெறித்து நிற்கும் குழந்தையை அடையாளம் காண்பது ஆசிரியர்க்கு எவ்வளவு அரிதோ, உறைந்து நிற்கும் எலியைக் காண்பது கருவிக்கும் அவ்வளவு அரிது.

தமிழ் பயில்வோர் விரும்பக்கூடிய திருப்பம் ஒன்று 2015இல் நிகழ்ந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தத்தா என்பவரது ஆய்வகம், முப்பரிமாணம் உணரும் ஒளிப்படக்கருவியால் சுண்டெலியைப் பதிவு செய்து, அதன் நடத்தை ஒரு விநாடிக்கும் குறைந்த சிறு துண்டுகளால் ஆனது என்று காட்டியது. அத்துண்டுகளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘அசை’. எழுத்து சேர்ந்து அசையாவதும், அசை சேர்ந்து சீராவதும் நாம் அறிந்தவை. அதுபோல் எலியின் திரும்பலும் நிமிர்தலும் முகர்தலும் அசைகள்; எந்த அசைக்குப்பின் எந்த அசை வரும் என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. அம்முறையைக் கொண்டு 2023இல் வெளிவந்த ஆய்வு, வலிப்பு நோயுள்ள சுண்டெலிகளையும் நலமானவற்றையும் ஒப்பிட்டது. வலிப்பு ஏதும் வாராத வேளையில், ஒரு மணி நேரப் பதிவிலேயே, கருவி இரண்டையும் பிரித்தறிந்தது. எந்த வலிப்படக்கும் மருந்து தரப்பட்டது என்பதையும் அது இனங்கண்டது. பயிற்சி பெற்ற மனிதக் கண்ணால் அவ்வளவு செம்மையாக இயலவில்லை.

இதன் உட்பொருள் சிறிதன்று. வலிப்பு இல்லாத நேரமெல்லாம் நலமான நேரம் என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். வலிப்புக்கும் வலிப்புக்கும் இடையிலும் நோய் உடலின் அசைகளில் எழுதப்பட்டிருக்கிறது என்கிறது எலி. மறதி, சோர்வு, மனத்தளர்ச்சி என்று நோயாளிகள் முறையிடுவதைக் கேட்டவர்கள் இதனை முன்பே ஊகித்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் வேண்டுமே.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வழியின் மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, எலிக்கூண்டில் அன்றி நீர்த்தொட்டியில் இருக்கிறது. பண்டார் சன்வேயில் உள்ள மொனாசு பல்கலைக்கழக மலேசியா வளாகத்தின் ஆய்வகத்தில் வரிக்குதிரை மீன்களுக்குப் பென்டிலீன்டெட்ரசோல் கொடுத்து வலிப்பை ஆராய்ந்துள்ளனர். மீன் நீந்தும் பாதையைக் காணொளியிலிருந்து மென்பொருள் பின்தொடர்ந்து அளக்கிறது. வலிப்புக்குப்பின் மீனின் நினைவாற்றல் எவ்வாறு குன்றுகிறது என்பதைப் புதிர்வழிச் சோதனையால் காண்கின்றனர். அங்கே சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று எம்பெலின், நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வாய்விளங்கத்தின் சாரம். மற்றொன்று மலாய்க்காரர் ‘மீசாய் கூச்சிங்’ என்னும் பூனைமீசைச் செடியின் இலை. கங்கை வடிநிலத்து ஓடைகளிலிருந்து 1822இல் நூலேறிய ஒரு சிறு மீன், கிள்ளான் பள்ளத்தாக்கில் நீந்திக்கொண்டு தமிழர் மருந்தையும் மலாயர் மருந்தையும் சோதிக்கிறது. மீனில் பயன் கண்டது மனிதரில் பயன் தரும் என்று துணிவது மட்டும் தவறு. வலிப்புள்ள ஒருவர் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிக்கத் தொடங்குவது உயிருக்கே கேடாகலாம்.

1959இல் இரசல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர், விலங்காய்வில் மாற்றுவழி தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்று மூன்று நெறிகளை வகுத்தனர். வாழ்கூண்டு பின்னிரண்டுக்கும் துணைசெய்கிறது. ஒரே எலியை நெடுங்காலம் பார்ப்பதால் குறைந்த எலிகள் போதும். கை படாததால் அச்சம் குறைகிறது. ஆயினும் அது கூண்டுதான். அதற்குள் இருப்பது நோயூட்டப்பட்ட உயிர்தான். 1905ஆம் ஆண்டின் உணவுக் கொட்டகையை நினைவில் வைத்துக்கொண்டே இதனை நாம் ஏற்கிறோம்.

மனிதர்க்கு இத்தகைய கூண்டு இல்லை, இருத்தலும் ஆகாது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள குடும்பங்களுக்கு வாய்த்திருப்பது கைப்பேசி. அடுத்த முறை வலிப்பு வரும்போது படம் பிடித்து வாருங்கள் என்று மருத்துவர்கள் இப்போது சொல்கின்றனர். அவ்வாறு கொண்டுவரப்படும் காணொளிகளில் தொடக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. கண் எப்பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று மருத்துவர் காண விரும்புவது அத்தொடக்கத்தைத்தான். அந்த முதற் சில விநாடிகளில் தாயின் இரு கைகளும் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன.